கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்

கல்யாணப் படங்களில் ரீடச்சிங் (எடுத்த படத்தை கம்ப்யூட்டரில் மெருகேற்றும் வேலை) அளவு மீறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும். தாலி கட்டும் படத்தில் மணப்பெண்ணின் முகம் அரைத்த சந்தனம் போல வெளுத்திருக்கும். மடியில் இருக்கும் கை மட்டும் சொந்த நிறத்தில் இருக்கும். எடிட்டர் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளுத்துவிட்டு, காது மடலையும் கழுத்தையும் விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க தம்பி" என்று வீட்டார் கேட்பது வழக்கம்தான். பெரும்பாலும் அதற்குக் காரணம் வெளிச்சம். மண்டபத்து மஞ்சள் விளக்கு 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) பக்கம் இருக்கும், வீடியோக்காரரின் எல்இடி 5600. இவை போதாதென்று டெக்கரேஷன்காரர் பின்னால் ஊதா விளக்கு வைத்திருப்பார். எல்லாம் ஒரே முகத்தில் விழும்போது ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் மறு கன்னம் சாம்பலாகவும் தெரியும். மாநிறத் தோல் சாம்பல் பூத்துத் தெரிவதைத்தான் "பொண்ணு கருத்துப் போயிட்டா" என்கிறார்கள். அதற்கு வெளுப்பு ஏற்றினால் சாம்பல் போகாது. வெளுத்த சாம்பல்தான் மிஞ்சும்.

சரிசெய்ய வேண்டியது மேடையில். ஃபிளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) மாட்டி மண்டப விளக்கோடு சேர்த்துவிடுங்கள். வீடியோ எல்இடி நிறம் மாற்றக்கூடியதாக இருந்தால் அதையும் 3200க்கு இறக்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு முன் மணமேடையில் ஒரு கிரே கார்டை (நிறம் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) பிடித்து ஒரு ஷாட் எடுத்து வைத்தால், பிறகு ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) அந்த அட்டை மேல் வைக்கும் ஒரு கிளிக் முழு செட்டுக்கும் உதவும். மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் கேமரா மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். முகங்களும் சேர்ந்து கறுக்கும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரண்டு மடங்கு), அல்லது கன்னத்தை மட்டும் அளக்கும்படி ஸ்பாட் மீட்டர் வையுங்கள்.

முகத்தை ஒல்லியாக்கும் வேலையும் இப்படித்தான் வந்து சேர்கிறது. 24 எம்எம் லென்ஸில் குரூப் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் பக்கவாட்டில் இழுபடும். அதை லிக்விஃபை (படத்தை இழுத்து வளைக்கும் கருவி) போட்டு அமுக்கினால் பின்னால் இருக்கும் தூண் வளையும். ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்துக்குப் பின்னால் போய் 50 எம்எம்மில் எடுத்திருந்தால் வேலையே இல்லை. இடம் இல்லாத மண்டபமா? ஓரத்தில் ஆட்களை நிறுத்தாமல் இரண்டு வரிசையாக்குங்கள்.

மேக்கப் போடுபவரிடமும் பேச வேண்டும். ஃபவுண்டேஷன் கழுத்து நிறத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டால் ஃபிளாஷில் முகம் மட்டும் மாவு பூசியது போல நிற்கும். சிலிக்கா கலந்த செட்டிங் பவுடர் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டாக வரும். மேக்கப் முடிந்ததும் போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் அங்கேயே துடைத்துச் சரிசெய்யலாம்.

இனி எடிட்டிங். இரண்டு வாரத்தில் தானாகப் போகக்கூடியதை எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, ஒட்டிய பொட்டுப் பசை. மச்சம், தழும்பு, அம்மைத் தடம் போன்றவற்றை அந்தப் பெண்ணே கேட்டால் ஒழியத் தொடக்கூடாது. ஹீலிங் (சுற்றியுள்ள தோலைக் கொண்டு குறையை மூடும்) வேலையைத் தனி லேயரில் (மூலப் படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்), 100 சதவீத ஜூமில் செய்யுங்கள். 300க்குப் போனால் ஒவ்வொரு மயிர்க்காலும் குறையாகத் தெரியும், கை நிற்காது. கண்ணுக்குக் கீழ் கருவளையத்தைப் பாதி குறைத்தால் போதும். முழுக்க எடுத்தால் கண்ணின் குழிவே போய்விடும். தோலை வழவழப்பாக்கும் ஸ்கின் ஸ்மூத் லேயரின் ஒபாசிட்டி (எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பது) 30 சதவீதத்தைத் தாண்டினால் மூக்குத்திக் கல்லின் ஓரம் மழுங்கும், நெற்றியோரப் பூனைமுடி கரையும், சந்தனக் கீற்றில் இருக்கும் துகள் போய் ஸ்டிக்கர் போல ஆகும். மாநிறத் தோலில் கன்ன எலும்பையும் மூக்கு நுனியையும் காட்டுவதே அந்தச் சின்னச் சின்ன மினுமினுப்புதான். வழவழப்பாக்கும்போது முதலில் சாவது அதுதான்.

தோலை வெளுக்க ஆரஞ்சு லூமினன்ஸை (படத்தில் ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை) ஏற்றுவது பலரின் குறுக்குவழி. தோலும் தங்கமும் ஏறக்குறைய ஒரே நிறப் பட்டையில் இருப்பதால் ஒட்டியாணம் எலுமிச்சை மஞ்சளாகும், தாலிச்சரடின் மஞ்சள் வெளிறும், பட்டுச் சரிகை வெறும் வெள்ளைக் கோடாகும். லட்ச ரூபாய் நகை கவரிங்போல ஆல்பத்தில் கிடக்கும். முகம் கொஞ்சம் தூக்க வேண்டுமென்றால் பிரஷ்ஷில் கால் ஸ்டாப், அதுவும் கழுத்தையும் காதையும் சேர்த்து.

போனில் பார்த்து ஓகே வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் முகம் ஒரு அங்குலம்; அதில் எவ்வளவு வழித்தாலும் அழகாகவே இருக்கும். 12×36 ஆல்பத் தாளில் அதே முகம் ஐந்தாறு அங்குலம். அப்போதுதான் பிளாஸ்டிக் தெரியும். எனவே முழு செட்டையும் தொடுவதற்கு முன் ஒரே படத்தை இரண்டு விதமாக 8×12 பிரிண்ட் போட்டு மணப்பெண்ணிடமே காட்டுங்கள். சித்தப்பாவும் நாத்தனாரும் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், முடிவு அவளுடையது.

இரண்டாயிரம் படத்துக்கும் ஒரே ஏஐ பிரீசெட் (முன்பே அமைத்து வைத்த எடிட்டிங் செட்டிங்) போடும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. அது தாத்தாவின் நெற்றிச் சுருக்கத்தையும் இளைஞனின் பருவையும் ஒரே கணக்கில் எடுத்துக்கொள்ளும். விபூதிப் பட்டையைக் கறையென்று மங்கலாக்கினாலும் வியப்பில்லை. முதியவர்கள் இருக்கும் படங்களைத் தனி ஃபோல்டரில் பிரித்து அந்த பிரீசெட்டுக்கு வெளியே வையுங்கள்.

ரீடச் செய்யாத ஃபைல்களை டெலிவரிக்குப் பிறகும் அழிக்காதீர்கள். துணைவர் விசாவுக்குக் கல்யாணப் படங்களைச் சான்றாக வைப்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் ஆல்பத்தில் இருக்கும் முகமும் அக்காவும் தங்கையும்போல இருந்தால், அன்றைக்கு அந்த மூலப் படம்தான் கைகொடுக்கும்.