கோயில் குட்டியாரின் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறது?

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத் திருச்சபைக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகத் தணிக்கை செய்து வருகிறேன். ஏப்ரல் மாதம் பேரேடு என் மேசைக்கு வந்ததும், கோயில் குட்டியாருக்கு, அதாவது ஆலயத்தைத் திறந்து பூட்டி, கூட்டி, மணி அடிக்கும் பணியாளருக்கு, கொடுத்த மாதப் பணம் எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சபையை நடத்தும் குருவான ஆயருக்கு, பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் பணி ஆணை இருக்கிறது; குடியிருக்கக் குருமனை இருக்கிறது; மாறுதலுக்கும் ஓய்வுக்கும் விதிகள் இருக்கின்றன. சபைக் கமிட்டியே வாய்மொழியாக நியமித்துக்கொள்ளும் குட்டியார், காவலாளி, ஆர்கன் வாசிப்பவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர் ஆகியோரின் பணமோ, 'ஆலயப் பராமரிப்பு' என்ற தலைப்பில், மெழுகுவர்த்தி வாங்கிய செலவுக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவே ஒரு வரியாக நிற்கிறது. சில கணக்குகளில் அது 'அன்பளிப்பு' என்றும் எழுதப்படுகிறது.

இந்த ஒரு சொல்லால் என்ன நேரும் என்பதை நான் நேரில் பார்த்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். ஒரு சபையில் 27 ஆண்டுகள் குட்டியாராக இருந்த பெரியவர், டிசம்பர் முதல் வாரத்தில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்டும்போது ஏணி சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஞாயிறு ஆராதனையில் சிறப்புக் காணிக்கை எடுத்தார்கள். சபையார் மனமுவந்துதான் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மாதங்களுக்குப் பின் அவரால் மணிக் கயிற்றைப் பிடித்து நிற்க முடியாது என்று தெரிந்தபோது, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்று கமிட்டிச் செயலர் என்னிடம் கேட்டார். வவுச்சர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். மாதத்துக்கு ஒரு தாள், அடியில் நடுங்கிய கையெழுத்து, அவ்வளவுதான். அவர் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதை அவர் மனைவிதான் சொன்னார். மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வருடம் என்று. அந்தத் தேதி ஞானஸ்நானப் பதிவேட்டில் இருந்தது. தகப்பன் வேலைக்குச் சேர்ந்த தேதி எங்கேயும் இல்லை.

அவருடைய வேலை நேரத்தை எவரும் கணக்கிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கு முன்பே கதவு திறந்து, திருவிருந்துப் பாத்திரங்களைத் துடைத்து வைத்து, ஆராதனை முடிந்து கடைசி ஆள் போன பிறகு பூட்டி, நள்ளிரவில் துக்கச் செய்தி வந்தாலும் எழுந்து மணி அடிப்பவர் அவர். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கும் அவர் தூங்குவதே இல்லை. அசனப் பண்டிகை முடிந்து ஊரே உண்டு களைத்துப் படுத்த பிறகு, வளாகத்தைக் கூட்டி அள்ளுவதும் அவருடைய குடும்பம்தான். இதை ஊழியம் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, அவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஊழியம் என்ற சொல்லைக் காட்டிச் சம்பளப் பதிவேட்டைத் தவிர்ப்பது சரியென்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மண்ணின் சபை வரலாறே இத்தகைய பணியாளர்களால் ஆனது. பாளையங்கோட்டையில் 1780இல் நாற்பது பெயர்களோடு தொடங்கிய சபையை, தஞ்சாவூரிலிருந்து வந்து வளர்த்த சத்தியநாதன் அப்போது குருப்பட்டம் இல்லாமல் போதிக்கும் ஒரு உபதேசியார். 1790இல்தான் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. மிஷன் ஊழியர்களின் விதவைகளுக்கென்று 19ஆம் நூற்றாண்டிலேயே தனி நிதி வைத்திருந்த திருச்சபை இது.

சட்டம் சொல்வதில் சபைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. இருபது பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடம் என்பதால் வருங்கால வைப்பு நிதி நமக்குப் பொருந்தாது என்று கமிட்டியார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், நிர்வாகமும் பெரும்பான்மைப் பணியாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாக முன்வந்து இணைய வழி இருக்கிறது. இணைந்தால், பணியாளரின் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதம் என்பது பொதுவான அளவு; நிர்வாகத்தின் பங்கிலிருந்து ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்து ஆண்டு பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அந்தத் தொகை சிறிதாகவே இருக்கும். ஆனாலும் அவர் இறந்த பிறகு மனைவிக்கும் அதிலிருந்து ஒரு பங்கு வரும் என்பதை நான் ஒவ்வொரு கமிட்டியிலும் அழுத்திச் சொல்கிறேன்.

வைப்பு நிதியில் இல்லாத பணியாளர், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்து, வயது 18 முதல் 40க்குள் இருந்தால், பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் சேரலாம். சேரும் வயதைப் பொறுத்து மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை அவர் கட்ட, அதே அளவை மத்திய அரசும் கட்டும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். என் அனுபவத்தில் இந்த நாற்பது வயதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. முப்பத்தைந்து வயதில் வேலைக்கு வந்தவரிடம் யாரும் சொல்வதில்லை; நாற்பத்தைந்தில் அவர் கேட்டு வரும்போது கதவு மூடியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு, கிறித்தவ தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்கள் மற்றும் பணியாளர்களுக்கென்று தனி நலவாரியம் அமைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்து அறுபதைத் தாண்டாதவர்கள் உறுப்பினராகலாம். விண்ணப்பத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தை அணுக வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளில் குட்டியார் வேலையைச் செய்யும் கோயில்பிள்ளைகளுக்கும் உபதேசியார்களுக்கும் இது பொருந்தும். இந்த வாரியத்திலும், பணியாளர் தன்னிடம் பணி செய்கிறார் என்பதைச் சபைதான் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய வவுச்சர் கட்டுக்கு நாம் திரும்பி வருவது இதனால்தான்.

ஆகவே நான் கேட்பது மிகச் சிறிய காரியம். பணியில் சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், வார விடுப்பு ஆகியவற்றை எழுதி, ஆயராகிய சேகர குருவும் செயலரும் கையெழுத்திட்ட ஒரு பக்க நியமனக் கடிதம். சம்பளத்துக்குப் பேரேட்டில் தனித் தலைப்பு. கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் செலுத்துதல். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தலில் கமிட்டி மாறும்போது, முந்தைய செயலர் வாயால் கொடுத்த வாக்குறுதி அவரோடு போய்விடுகிறது. கடிதம் கோப்பில் இருக்கும். வங்கிக் கணக்கு இருந்தால், ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் விபத்துக் காப்பீட்டிலும் அவரைச் சேர்த்துவிடலாம். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே பணம் தரும், எலும்பு முறிவுக்குத் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயது கடந்துவிட்டவர்களுக்குச் சபைதான் வழி காண வேண்டும். ஏணியிலிருந்து விழுந்த அந்தப் பெரியவரின் சபை, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டது. அவர் உயிரோடு இருக்கும்வரையிலும், அவருக்குப் பின் அவர் மனைவிக்கும், மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பதென்றும், அதற்காக ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகை வருமானத்தில் ஒரு பங்கை வங்கியில் நிரந்தர வைப்பாக வைப்பதென்றும் எழுதினார்கள். இந்த ஏப்ரலில் அந்தப் பேரேடு வந்தபோது, 'பணியாளர் ஓய்வு நிதி' என்ற புதிய தலைப்பும், புதிதாகச் சேர்ந்த 32 வயதுக் குட்டியாரின் நியமனக் கடித நகலும் அதில் இருந்தன. அவருடைய நலவாரிய விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டைச் செயலர் கடிதத்தின் பின்னால் பின் போட்டு வைத்திருந்தார்.