கூம்பின் முனையில் பிறக்கும் மின்சுற்று

வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் கறுப்பு மைக்குப் பதிலாக வெள்ளித் துகள் கலந்த மையை நிரப்பி மின்சுற்றை அச்சிட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மை தக்கதாக இருந்தால் முடியும். வெள்ளி 962 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்றாலும், அதன் நானோ துகள்கள் 150 டிகிரி அளவிலேயே ஒன்றோடொன்று ஒட்டி மின்கடத்தும் பாதையாகிவிடுவதால், வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தாளின் மீதும் அதை அச்சிடலாம். துளியின் பருமனில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு பிக்கோலிட்டர் (லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளியின் விட்டமே 12 மைக்ரோமீட்டருக்கு மேல்; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாளில் விழுந்து பரவினால் கோடு இன்னும் அகலமாகிவிடும். வேகமாக இயங்கும் டிரான்சிஸ்டருக்கோ சில மைக்ரோமீட்டர் இடைவெளிகள் வேண்டும். மை வெளிவரும் முனையான நாசிலின் துளையைச் சிறிதாக்கினால் போதாதா? துளையின் ஆரத்தைப் பாதியாக்கினால், அதே அளவு மையைச் செலுத்த 16 மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. அப்படியே தள்ளினாலும், வெளிவரும் துளி பெரும்பாலும் துளையைவிடச் சிறிதாக இருப்பதில்லை.

ஆகவே மையைப் பின்னாலிருந்து தள்ளாமல் முன்னாலிருந்து இழுக்கும் முறை வந்தது. பாகின் பதம் பார்க்கும்போது விரல்களுக்கிடையே இழுபடும் கம்பி விரலைவிட எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ, அப்படித்தான் இதுவும். இங்கே இழுப்பது மின்புலம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பொன் பூசிய நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்கும் அச்சிடப்படும் பரப்புக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்து, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான புள்ளிகளை இட்டுக் காட்டினார்கள்.

குழாயின் வாயில் மை எடுக்கும் வடிவம்தான் இதில் என்னை மயக்குவது. மின்னழுத்தம் ஏறும்போது மையிலுள்ள அயனிகள் அதன் பரப்புக்கு வந்து சேர்கின்றன. கீழுள்ள தகடு அவற்றை இழுக்க, பரப்பு இழுவிசையோ மையை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கிறது. முனை கூராகக் கூராக அங்கே மின்புலம் வலுக்கிறது, புலம் வலுக்க வலுக்க முனை இன்னும் கூராகிறது. இந்த இழுபறி எங்கே நிற்கும் என்பதை 1964இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் கணக்கிட்டார். கூம்பு வடிவப் பரப்பில், முனையை நெருங்கும்போது பரப்பு இழுவிசையின் அழுத்தம் தொலைவுக்கு எதிர்விகிதத்தில் கூடுகிறது. மின்புலத்தின் இழுப்பு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், புலம் தொலைவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கூடினால்தான் இரண்டும் எல்லா இடத்திலும் சமமாகும். அத்தகைய புலத்தைத் தரும் கூம்பு ஒன்றே ஒன்றுதான்: அதன் பக்கம் கூம்பின் நடு அச்சுக்கோட்டோடு 49.3 டிகிரி சாய்ந்திருக்கும். மின்கடத்தும் திரவம் எதுவானாலும் இந்தக் கோணம் மாறுவதில்லை. பரப்பு இழுவிசை கூடினால் கொடுக்க வேண்டிய மின்னழுத்தம் மட்டுமே கூடுகிறது. ஆனால் கணக்கின்படி கூம்பின் உச்சியில் புலம் முடிவிலியாக வேண்டும். எந்தத் திரவத்தாலும் அதைத் தாங்க முடியாதாகையால் உச்சி உடைந்து, துளையைவிடப் பல மடங்கு மெல்லிய தாரை ஒன்று அங்கிருந்து பாய்கிறது.

டெய்லர் அச்சுப்பொறியைப் பற்றி நினைத்தவரல்லர். 1925இலேயே அவரும் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சனும் மின்புலத்தில் சோப்புக் குமிழி எப்படி உடைகிறது என்று ஆராய்ந்தார்கள். இடிமேகத்துக்குள் மழைத்துளிக்கு என்ன நேர்கிறது என்பதே அவர்கள் அறிய விரும்பியது. இதனால் உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை மறுக்கும் குழு எதுவும் சோப்புக் குமிழிக்குப் பணம் ஒதுக்கியிருக்காது என்பது என் எண்ணம்.

இம்முறை சிப் ஆலைகளின் ஒளி அச்சுக்குப் போட்டியன்று, அங்கே 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியால் வரைகிறார்கள். வெற்றிடமும், வடிவத்தை வெட்டி வைத்த அச்சுப்படியான முகமூடித் தகடும் இல்லாமல், வேண்டிய இடத்தில் மட்டும் மையை இடுவதுதான் இதன் பலம். வேகம் இதன் குறை. வேகத்துக்காக நாசில்களை நெருக்கி அடுக்கினால் ஒன்றின் புலம் அடுத்ததன் தாரையைத் திசைதிருப்புகிறது. மின்சாரம் கடத்தாத காப்புப் பொருளின் மீது அச்சிடும்போது விழுந்த துளியில் மின்னூட்டம் தங்கி, பின்வரும் துளியை விலக்கிவிடுகிறது. அதற்காகவே துளிக்குத் துளி நேர், எதிர் என மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுத்து, முந்தைய துளி விட்டுச் சென்ற மின்னூட்டத்தை அடுத்த துளியைக் கொண்டே தணிக்கிறார்கள்.