பந்தில ஒரே ஆள் பரிமாறுனா

தீபாவளி லீவுக்கு மன்னார்குடி வந்த அக்கா பையன் கையோட ஒரு மினி ஆர்கேட் கிட் (கடைல காசு போட்டு ஆடுற வீடியோ கேம் மெஷினோட குட்டி வடிவம், நாமளே மாட்டிக்கணும்) கொண்டாந்தான், ராஸ்பெர்ரி பை ஜீரோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு, உள்ளங்கை அளவுக்கு ஸ்கிரீன், ஜாய்ஸ்டிக், பட்டன், மரநார அமுக்கி செஞ்சு வெட்டி வச்ச எம்டிஎஃப் பலகை. ஐப்பசி மழைய மறந்துட்டு பலகைய ராத்திரி திண்ணையிலயே விட்டுட்டோம், காலைல பாத்தா உப்பிப்போயி எதுவும் காடில இறங்கல, உப்புத்தாள் போட்டு தேச்சு தேச்சுதான் மாட்டுனோம்.

வயரிங் அவ்ளோ கஷ்டமில்ல. ஜாய்ஸ்டிக்குக்கு அடில நாலு மைக்ரோஸ்விட்ச் இருக்கு, பிடிய இடது பக்கம் சாய்ச்சா கம்பியோட அடிப்பக்கம் வலது பக்கம் போயி அங்க இருக்க ஸ்விட்ச 'டிக்'னு அமுக்கும், மூலைவாக்குல சாய்ச்சா ரெண்டு ஸ்விட்ச் அமுங்கும். அமுக்காதப்ப, வயர் போயி சேர்ற போர்டோட 'பின்'ங்கற முனைல 3.3 வோல்ட் நிக்கும், அமுக்குனா கிரவுண்டோட சேந்து ஜீரோ ஆயிடும். என்ன ஒண்ணு, உள்ள இருக்க தகடு ஒரே தடவைல உக்காராது, சில மில்லிசெகண்ட் துள்ளும், அத அப்படியே எண்ணுனா ஒரு அமுக்கு நாலஞ்சு அமுக்கா ஆயிடும். அதனால புரோகிராம் கொஞ்ச நேரம் கண்டுக்காம இருந்துட்டு அப்புறம்தான் நம்பும்.

அவன் போட்டது ஸ்பேஸ் இன்வேடர்ஸ், மேலருந்து இறங்கி வர்ற ஏலியன சுடுற ஆட்டம், 1978ல டைட்டோ கம்பெனில டொமொஹிரோ நிஷிகாடோ பண்ணது. வரிசைக்கு 11 வீதம் 55 ஏலியன், சுட சுட மிச்சம் இருக்கதுங்க வேகமா ஓடும். "கஷ்டமாக்கணும்னே அப்படி வச்சிருக்காங்க மாமா"ன்னான். அதான் இல்ல. அந்த ஆட்டம் முதல்ல வந்த பழைய மெஷின்ல இருந்த இன்டெல் 8080 சிப் வெறும் 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 20 லட்சம் துடிப்பு, ஸ்கிரீன் செகண்டுக்கு 60 தடவ மாறுது, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஏலியனத்தான் அது நகத்தும்.

கல்யாணப் பந்தில 55 இலைக்கு சாம்பார் வாளியோட ஒரே ஆளுன்னு வச்சுக்கங்க, அவர் ஒரு சுத்து முடிச்சு நம்ம இலைக்கு திரும்ப வர்றதுக்குள்ள சோறே காஞ்சிடும், பாதிப்பேர் எந்திரிச்சுட்டா சீக்கிரம் வந்துடுவார், ஒரே ஆள் உக்காந்திருந்தா வாளி அந்த இலைய விட்டு நகராது. அதே கணக்குதான், 55 ஏலியனும் ஒரு ஸ்டெப் நகர கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆகும், கடைசி ஏலியனோ செகண்டுக்கு 60 ஸ்டெப். நிஷிகாடோ இத சரிபண்ணாம அப்படியே விட்டார், அந்த ஆட்டத்துல பதட்டமே அங்கதான இருக்கு.

இப்ப எங்க போர்டு 1 கிகாஹெர்ட்ஸ், அதாவது துடிப்பு 500 மடங்கு. அதுல ஓடுற எமுலேட்டர் பழைய புரோகிராம்ல இருக்க கட்டளைய ஒண்ணொண்ணா படிச்சு, 8080 என்ன செஞ்சிருக்குமோ அதையே செய்யும், செஞ்சுட்டு ஸ்கிரீன் அடுத்த தடவ மாறுற நேரம் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கும். அந்த காத்திருப்ப எடுத்துட்டா நாம பட்டன்ல கை வைக்கறதுக்குள்ள ஏலியன் தரைய தொட்டுடும்.

ஒருவழியா அவன் நல்ல ஸ்கோர் எடுத்தான், அக்காவ கூப்புட்டு காட்டப் போறான், கரண்ட் போச்சு. திரும்ப வந்தப்ப ஹைஸ்கோர் சைபர். பழைய மெஷின்லயும் ஸ்கோர் கரண்ட் இருக்க வரைக்கும் மட்டும் ஞாபகம் வச்சிருக்க ரேம்லதான்டா இருந்துச்சு, சுவிட்ச அணைச்சா போயிடும்னேன், மூஞ்சிய திருப்பிக்கிட்டான்.