தாகம் தீராத குழந்தையும் கரைந்துபோன உப்பு மேடும்

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "என் மகனுக்கு இரண்டரை வயது. நாள் முழுக்கத் தாகம் தாகம் என்கிறான். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுகிறான், ஜூஸ்தான் வேண்டும். சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். எடையும் ஏறவில்லை. விடிவதற்குள் டயப்பர் நனைந்து வழிகிறது. இவனுக்கு உண்மையிலேயே தாகமா, இல்லை வெறும் அடமா?"

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதற்கான பதில் சிறுநீரகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. உடலில் நான் மிகவும் வியந்து பார்க்கும் உறுப்பு அதுதான்.

அதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது முதல் வகை நீரிழிவைத்தான். கைக்குழந்தைக்கும் அது வரும், சில வாரங்களிலேயே முற்றிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். உடலில் தண்ணீரைத் தக்கவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்காமல் போகும் அரிய நோயும் இப்படித் தீராத தாகத்தைத் தரும். அந்தக் குழந்தைகள் வெறும் தண்ணீரையே மடமடவென்று குடிப்பார்கள், நடு இரவில் எழுந்து கேட்பார்கள், எதுவும் கிடைக்காவிட்டால் குளிக்கிற தண்ணீரைக்கூடக் குடிப்பார்கள். பழக்கத்தால் குடிக்கும் குழந்தைக்கு அந்தக் குறிப்பிட்ட இனிப்பு பானம் மட்டும்தான் வேண்டும். இந்த வித்தியாசம் மருத்துவருக்கு ஒரு நல்ல துப்பு. ஆனால் இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்கிறேன் என்று தண்ணீரை நிறுத்திவைப்பது ஆபத்து.

சரி, பரிசோதனைகள் எல்லாம் இயல்பு என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் தாகம் தீரவில்லை, பசி இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் 1995இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். ஸ்குவாஷ் என்ற இனிப்புப் பழபானத்தையே நாள் முழுக்கக் குடிக்கும் சின்னக் குழந்தைகள். சாப்பிட மறுப்பு, எடை ஏறாமை, இளகிய மலம், சாப்பாட்டு நேரத்துச் சண்டை. பானத்தைக் குறைத்தார்கள். பசி திரும்பியது, எடை ஏறியது. அந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே ஸ்குவாஷ் இருந்தது.

பசி எங்கே போனது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். பெரும்பாலான குளிர்பானங்களிலும் பழச்சாறுகளிலும் 100 மி.லி.க்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. வீட்டிலேயே பிழிந்த சாறும் இந்த விஷயத்தில் பெரிதாக வேறுபடாது. குழந்தை சிப்பி கப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளில் ஒரு லிட்டர் குடித்தால், 100 கிராம் சர்க்கரை, அதாவது 400 கலோரி. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளுக்குத் தேவையே ஏறக்குறைய 1000 கலோரிதான். தட்டு வருவதற்கு முன்பே ஐந்தில் இரண்டு பங்கு உள்ளே போய்விட்டது.

ஆனால் இதே பானம் பெரியவர்களைக் குண்டாக்குகிறதே, குழந்தை மட்டும் ஏன் மெலிகிறது? திரவமாகப் போகும் கலோரியைப் பெரியவர்களின் உடல் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. குடித்ததும் குடிப்போம், சாப்பிடுவதும் சாப்பிடுவோம். சின்னக் குழந்தைகள் கணக்கில் நம்மைவிடக் கெட்டி. லீன் பெர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1991இல் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான 15 குழந்தைகள் சாப்பிட்டதை வேளைக்கு வேளை அளந்தார்கள். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட அளவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியும் குறைந்தும் வந்தது. ஆனால் 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10 சதவீதம்தான். காலையில் கொறித்த குழந்தை மாலையில் ஈடுகட்டிவிடுகிறது. உங்கள் மகனும் அதைத்தான் செய்கிறான். 400 கலோரியை உடல் வரவு வைத்துவிட்டது, தட்டில் அந்த அளவைக் கழித்துவிட்டது. வந்த கலோரியில் புரதம் இல்லை, கொழுப்பு இல்லை, இரும்பும் துத்தநாகமும் இல்லை என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. இரும்புச் சத்துக் குறைந்தால் அதுவே பசியைக் கெடுக்கும். எல்லாக் குழந்தைகளும் இப்படி ஈடுகட்டுவதில்லை. அப்படிச் செய்யாதவர்கள் இதே பானத்தால் எடை கூடுகிறார்கள்.

இளகிய மலத்துக்குக் காரணம் எளிது. குடலால் குளுக்கோஸை வேகமாக உறிஞ்ச முடியும், ஃபிரக்டோஸை அந்த அளவுக்கு முடியாது. ஆப்பிள் சாற்றில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம், கூடவே சோர்பிட்டால் என்ற, எளிதில் உறிஞ்சப்படாத இனிப்பும் உண்டு. உறிஞ்சப்படாத சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

இந்தத் 'தண்ணீரைப் பிடிப்பது'தான் தாகத்துக்கு முதல் வாசல். நம் ரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி ஒரு கிலோ நீருக்கு 285 முதல் 295 மில்லி ஆஸ்மோல். இனிப்பு பானங்களில் பல இதைப் போல இரண்டு மடங்கைத் தொடும். சிறுகுடலுக்குள் அவ்வளவு அடர்த்தியான திரவம் வந்து இறங்கினால், சர்க்கரை உறிஞ்சப்படும்வரை கொஞ்ச நேரம் தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குத்தான் போகும். பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வாய்ப்பாட்டின்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், மொத்த அடர்த்தி 245. சர்க்கரை அதிலும் இருக்கிறது. ஆனால் உப்போடு சேர்ந்து, ரத்தத்தைவிட நீர்த்த கரைசலாக இருப்பதால், தண்ணீரைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுத்துச் செல்கிறது. ஜூஸில் சர்க்கரை அதைப் போல ஏழு மடங்கு, சோடியம் மிகக் குறைவு.

மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் ரத்தத்தின் அடர்த்தியை அளந்துகொண்டே இருக்கும் செல்கள் உண்டு. அடர்த்தி 1 முதல் 2 சதவீதம் கூடினாலே போதும், அவை சுருங்கும், வாசோபிரெசின் சுரக்கும், தாகம் எழும். எலிகளை வைத்து 2016இலும் 2019இலும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். தண்ணீர் ரத்தத்தில் சேரும்வரை மூளை காத்திருப்பதில்லை. வாயும் தொண்டையும் விழுங்கிய அளவைச் சொன்னதுமே தாக நரம்புகள் அடங்கிவிடுகின்றன. கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே வந்த திரவத்தின் அடர்த்தி என்ன என்று குடல் இன்னொரு தகவல் அனுப்புகிறது. அடர்த்தி அதிகம் என்றால் அடங்கிய நரம்புகள் மறுபடி விழித்துக்கொள்ளும்.

இனி சிறுநீரகம்.

சிறுநீரகத்தை இரண்டாக வெட்டினால் வெளியே ஒரு பட்டை, உள்ளே ஒரு மையப் பகுதி தெரியும். பட்டையில் அடர்த்தி ரத்தத்தைப் போலவே சுமார் 300. உள்ளே போகப் போக 400, 600, 900 என்று ஏறி, வளர்ந்தவர்களுக்கு ஆழத்தில் 1200 வரை போகும். உடலில் வேறெங்கும் இப்படி ஓர் இடம் கிடையாது. உப்பும் யூரியாவும் குவிந்து நிற்கும் ஒரு மேடு அது. எதற்கு? சிறுநீர் வெளியேறும் கடைசிக் குழாய் இந்த மேட்டின் நடுவே கீழே இறங்குகிறது. குழாயின் சுவரில் அக்வாபோரின் என்ற புரதத்தாலான வாசல்களை வாசோபிரெசின் திறந்துவிட்டால், சுற்றியுள்ள உப்பு மேடு குழாயிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சிறுநீர் கெட்டியாகி வெளியேறும், தண்ணீர் உடலுக்கு மிஞ்சும். வாசல்கள் மூடியிருந்தால் தண்ணீர் சிறுநீரோடு போய்விடும். இந்த வகை வாசலை முதலில் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த மேட்டைச் சிறுநீரகம் எப்படிக் கட்டுகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத கதை. கொண்டை ஊசி போல வளைந்த குழாய்கள் லட்சக்கணக்கில் மேலிருந்து கீழே இறங்கி, திரும்பி மேலே ஏறுகின்றன. ஹென்லி வளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இறங்கும் கிளை தண்ணீரை வெளியே விடும். ஏறும் கிளை தண்ணீரை விடாது, உப்பை மட்டும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலால் ஒரு மட்டத்தில் உண்டாகும் வித்தியாசம் சுமார் 200 மட்டுமே. ஆனால் எதிரெதிர்த் திசையில் ஓட்டம் இருப்பதால், ஒரு மட்டத்தில் சேர்ந்த உப்பு அடுத்த மட்டத்துக்கு முதலாகிறது, அதன்மேல் இன்னொரு 200, அதன்மேல் இன்னொன்று. சின்னத் தள்ளல், திரும்பத் திரும்ப. வெர்னர் கூன் என்ற சுவிஸ் வேதியியலாளர் இந்தப் பெருக்கத்தை 1942இலேயே கணக்கில் ஊகித்தார். அதற்கான சான்று 1951இல் வந்தது.

இந்த மேடு கட்டி முடித்த மலை இல்லை. ஓயாமல் கட்டிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். நாள் முழுக்கத் திரவம் உள்ளே வந்துகொண்டே இருந்தால், உபரித் தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. வாசோபிரெசின் அடங்குகிறது. குழாய்களில் நீரோட்டம் கூடுகிறது. ஆழத்தில் சேர்ந்த உப்பும் யூரியாவும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் செல்லப்படுகின்றன. ஹார்மோன் நாள்கணக்கில் குறைவாகவே இருந்தால், வாசல் புரதங்களைச் செய்வதையே செல்கள் குறைத்துக்கொள்கின்றன. இப்போது ஒரு மணி நேரம் பானம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாசோபிரெசின் வரத்தான் செய்யும். ஆனால் திறக்க வாசல்கள் குறைவு, இழுக்க மேடும் இல்லை. சிறுநீர் நீர்த்தே போகும். ரத்தம் சீக்கிரம் அடர்த்தியாகும். குழந்தைக்குத் தாகம் எடுக்கும். அது அடம் இல்லை, நிஜமான தாகம். ஆரம்பம் பழக்கமாக இருக்கலாம், இப்போது சிறுநீரகமே அந்தப் பழக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது.

இந்த இடத்தில் பசியும் தாகமும் கைகோக்கின்றன. மேட்டின் ஆழத்தில் இருக்கும் அடர்த்தியில் ஏறக்குறைய பாதி யூரியாவால் ஆனது. யூரியா எங்கிருந்து வருகிறது? சாப்பிட்ட புரதத்திலிருந்து. புரதம் குறைவாகச் சாப்பிடுபவர்களின் சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கத் திணறும் என்பது நன்கு அறியப்பட்ட விஷயம். ஆக, ஜூஸ் வயிற்றை நிரப்புகிறது, புரதம் குறைகிறது, யூரியா குறைகிறது, மேடு தாழ்கிறது, தாகம் ஏறுகிறது, மறுபடி ஜூஸ். கழிவு என்று நாம் ஒதுக்கும் யூரியா இல்லாமல் தண்ணீரைச் சேமிக்க முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை.

என் கருத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பசி எடுக்க டானிக் கேட்டு வாங்கிப் போகும் பெற்றோர் ஏராளம். அந்த சிரப்புகளில் பலவும் இனிப்புக் கரைசல்கள்தான். நோயைக் கொடுத்ததையே கரண்டியில் அளந்து கொடுக்கிறோம். பசியை வரவைக்கும் திரவம் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் மந்திரத் தண்ணீருக்கும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ஆய்வுப் பணம். 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறையின் ஆய்வு அமைப்பு, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் மீது திருப்பிய ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கொடுத்தது. அதைக் காட்டும் கடிதங்கள் வெளியே வந்தது 2016இல்தான். நடுவில் அரை நூற்றாண்டு போய்விட்டது. ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதில் யாருக்கும் லாபம் இல்லை, அதனால் அதை ஆராயத் தனியார் பணம் வராது. இப்படிப்பட்ட எளிய கேள்விகளுக்குப் பொதுப் பணம் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

என்ன செய்யலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் சொன்ன வரம்பு இது: ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம், ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு ஏறக்குறைய 120 மி.லி.க்கு மேல் வேண்டாம். மருத்துவர் நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, ஒரே நாளில் பிடுங்காமல், ஒவ்வொரு சில நாளுக்கும் பானத்தில் தண்ணீரின் பங்கைக் கூட்டிக்கொண்டே போங்கள். கையோடு சுற்றும் சிப்பி கப்பை நிறுத்தி, உட்கார்ந்து குடிக்கும் டம்ளருக்கு மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள், அதற்கு அளவு வைக்க வேண்டாம். ஜூஸுக்குப் பதிலாகப் பாலை லிட்டர் கணக்கில் ஊற்றினால் அதே கதைதான், பாலில் இரும்பு மிகக் குறைவு.

முதல் சில நாட்கள் அழுகை இருக்கும். உள்ளே மேடு இன்னும் தாழ்வாகத்தான் இருக்கிறது, அவனுடைய தாகம் பொய் இல்லை என்பதை நினைவில் வைத்து, பொறுமையாக இருங்கள். பசி முதலில் திரும்பும், அப்புறம் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும். காலையில் டயப்பரைத் தூக்கிப் பாருங்கள். டயப்பரின் எடை குறைந்து, சிறுநீர் நிறமற்ற தண்ணீராக இல்லாமல் மஞ்சளாக இருந்தால், உப்பு மேடு மறுபடி எழத் தொடங்கிவிட்டது.