மாக்மா: கற்குழம்பா, தீக்குழம்பா?

எங்காவது எரிமலை வெடித்தால் போதும், மாக்மா, லாவா, தீக்குழம்பு, எரிமலைக் குழம்பு என்று நாலு சொல்லும் ஒரே செய்தியில் மாறி மாறி வந்து விழும். நாலும் ஒன்றல்ல.

மாக்மா கிரேக்கச் சொல். பிசைவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பிசைந்த கெட்டிக் களிம்பு, தைலம் எடுத்தபின் தங்கும் கசடு, இதெல்லாம்தான் அதன் பழைய பொருள். உருகிய பாறைக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. நம் குழம்பும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிற சொல்தான்: குழை, குழைத்தல், குழம்பு. சோற்றில் ஊற்றுவதோடு நிற்காமல், மார்பில் பூசும் சந்தனத்தையும் சந்தனக் குழம்பு என்றே சொல்லிவந்தோம். அதனால் கற்குழம்பு (பாறைக்குழம்பு என்றாலும் சரிதான்) வலிந்து செய்த சொல்லாகத் தெரியவில்லை. லாவா இத்தாலியிலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் பக்கம் மழைக்குத் தெருவில் பெருக்கெடுக்கும் நீருக்கு அந்தப் பெயர், அப்புறம் வெசூவியஸிலிருந்து வழிந்ததற்கும் அதுவே ஆகிவிட்டது. நிலத்துக்கு அடியில் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. எரிமலைக் குழம்பு என்பதை லாவாவுக்கு வைத்துக்கொள்ளலாம். தீக்குழம்பு எனக்கு ஒப்பாது, அங்கே எதுவும் எரிவதில்லை, உருகிய கல் சூட்டில் ஒளிர்கிறது, அவ்வளவுதான்.

மாக்மாவையும் எரிமலைக் குழம்பு என்று எழுதினால் என்ன தப்பு என்பவர்கள் சேலம் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் உள்ள வெள்ளைக்கல் சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். வெட்டிய சுவருக்குக் கிட்டத்தில் போனால் பச்சையும் பழுப்புமாகச் சிதைந்த பாறைக்குள் வெள்ளை நரம்புகள் கோணல்மாணலாக ஓடுவது தெரியும். நரம்பு மேக்னசைட், சுற்றி இருப்பது டூனைட் வகைப் பாறை, ஆழத்தில் கற்குழம்பிலிருந்து ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தின் படிகங்கள் படிந்து இறுகியது, எரிமலை வாயைப் பார்க்காமலே கல்லாகிவிட்டது. கரியமில வாயு கலந்த நீர் பின்னாளில் விரிசல்களில் புகுந்து அந்த ஒலிவினைத்தான் மேக்னசைட்டாக மாற்றியது. (ஏற்காடு பழைய எரிமலையா என்று கேட்டால், இல்லை. சேர்வராயன் மலை சார்னகைட், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை.)

சரி, குழம்புக்குள் என்ன இருக்கிறது? முக்கியமான சரக்கு சிலிக்கா, சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது, மணலில் இருப்பதும் அதுதான். அது எவ்வளவு என்பதை வைத்துக் குழம்பில் வகைகள் உண்டு: பசால்ட் குழம்பில் 45 முதல் 52 சதவீதம், ஆண்டசைட்டில் 60-ஐ ஒட்டி, ரையோலைட்டில் 70-க்கும் மேல். சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் உருகிய நிலையிலும் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகிவிடும், சிலிக்கா கூடக் கூடச் சங்கிலி நீளும், குழம்பு நகர மறுக்கும். போதாததற்கு ரையோலைட் 700, 800 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், பசால்ட்டோ 1,000-க்கு மேல் 1,200 வரை கொதிக்கும். இரண்டும் சேர்ந்து ரையோலைட்டை பசால்ட்டைவிடப் பல லட்சம் மடங்கு கெட்டியாக்கிவிடுகின்றன. இந்தக் கெட்டிக்குப் பாடப்புத்தகம் வைத்த சொல் பாகுநிலை, வைத்தவர் யாரோ நல்ல காரியம் செய்தார். ஓமலூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கருப்பஞ்சாறு நீர்த்திருக்கும்போது குமிழி சத்தமில்லாமல் உடைந்து போய்விடும், பதம் ஏறிய பிறகு அதே குமிழி பாகைத் தூக்கி அடிக்கும், ஆள் தள்ளி நின்றுதான் துழாவ வேண்டும்.

ஆழத்தில் அழுத்தத்தால் கற்குழம்பில் கரைந்து கிடக்கும் நீராவியும் கரியமில வாயுவும், குழம்பு மேலேற ஏற அழுத்தம் குறைந்து குமிழிகளாகப் பிரிகின்றன. பசால்ட்டில் அவை எளிதாகத் தப்பிவிடும், அதனால் ஹவாயில் லாவா ஆறாக ஓடி மௌனா லோவா போல அகன்ற கேடய எரிமலையாகப் படிகிறது. கெட்டிக் குழம்பில் மாட்டிக்கொண்ட வாயு கடைசியில் குழம்பையே தூள் தூளாக்கிச் சாம்பலாக வீசுகிறது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்தபோது உள்ளே இருந்தது சிலிக்கா மிகுந்த டேசைட் குழம்பு. மலையுச்சி ஏறத்தாழ 400 மீட்டர் குறைந்தது, 57 பேர் இறந்தார்கள். ஆனால் சிலிக்காவை மட்டும் வைத்து ஜாதகம் எழுதிவிட முடியாது. பசால்ட் கடல்நீரைத் தொட்டால் அதுவும் வெடிக்கும். வாயுவை முன்பே இழந்த ரையோலைட் சாதுவாகப் பிதுங்கி வந்து கும்மட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

பாடங்களில் வரும் அமிலக் குழம்பு, காரக் குழம்பு என்ற பெயர்களில்தான் எனக்கு மனத்தாங்கல். பாறைகளைச் சிலிசிக் அமிலத்தின் உப்புகள் என்று எண்ணிய காலத்து மிச்சம் அது. புளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலிக்கா மிகுந்தது, சிலிக்கா குறைந்தது என்று நேராகவே எழுதலாம்.

சிலிக்கா ஏறக்குறைய இல்லாத கற்குழம்பும் உண்டு, கார்பனடைட். எடப்பாடி பக்கம் பக்கநாட்டில் அந்தப் பாறை இருக்கிறது, வயது 75 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. இன்று அதை உயிரோடு கக்குவது தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் ஒன்றுதான். அதன் லாவா 500, 600 டிகிரியிலேயே தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பகலில் சிவப்புகூடத் தெரியாமல் கருஞ்சேறு போலத் தெரிந்து, காற்றின் ஈரம் பட்டதும் கொஞ்ச நாளில் வெளுத்துவிடுகிறது.