தினம் 30 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு எதற்குங்க டீசல்?

போன வாரம் ஒரே நாளில் மூன்று வண்டி, மூன்றுக்கும் ஒரே வியாதி. திருப்பூரில் லோடு வண்டிப் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு வேலை வந்தால் சந்தோஷம்தான், ஆனால் இந்த வேலை வரும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாக வந்தவர் பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர். கட்டிங்கில் பீஸ் ஏற்றி தையலுக்குக் கொடுப்பார், அங்கிருந்து அயர்னிங், இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார். பிஎஸ்6, அதாவது புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி, இரண்டாம் கையாக வாங்கி ஏழு மாதம். "இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா, ஆனா ஆயில் மட்டும் குறையவே இல்லைங்க, இன்னும் ஏறித்தான் இருக்கு" என்றார், நல்ல சேதி சொல்கிற மாதிரி. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது, தண்ணீர் மாதிரி ஓடுகிறது, மோந்தால் டீசல் வாடை. இஞ்சின் ஆயில் தானாக எப்படிங்க ஏறும்? புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது, புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்கும். அந்தக் கரியை எரிக்க வண்டி இஞ்சினுக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. எரிந்து முடிவதற்குள் இவர் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார். தினம் நாலு தடவை இப்படி நடந்தால் எரியாத டீசல் ஆயிலில்தான் இறங்கும். ஃபில்டர் அடைத்தது போதாதென்று, ஆயில் நீர்த்துப்போய் இஞ்சின் பேரிங்கும் போகிற நிலைமை.

ஏன் டீசல் வாங்கினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டீசல்னா மிச்சங்க." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. 2012இல் அது சரி. அப்போது டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வண்டியும் எளிமை, 2005இல் டாடா ஏஸ் சின்ன லோடு வண்டி வந்தபோது அதில் இருந்தது டர்போகூட இல்லாத 2 சிலிண்டர் இஞ்சின், யார் வேண்டுமானாலும் பிரித்து மாட்டலாம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அந்தப் பெரிய விலை வித்தியாசம் போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தது, வண்டியின் எளிமையும் போனது. மாருதி டீசலே வேண்டாமென்று விட்டுவிட்டது, அதன் ஈக்கோ வேனும் சூப்பர் கேரி லோடு வண்டியும் இப்போது பெட்ரோல், சிஎன்ஜிதான். நம் ஆட்கள் மட்டும் இன்னும் அப்பா சொன்ன கணக்கிலேயே நிற்கிறார்கள்.

சரி, கணக்கே போடுவோம். பெட்ரோல் 100, டீசல் 92 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் 20. தினம் 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 5,200 ரூபாய், டீசலுக்கு 3,588. மிச்சம் 1,600 சொச்சம். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்திருந்தால் அதை எடுக்கவே ஐந்து வருஷம் ஆகும், அதுவும் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒன்றுகூடப் போகாமல் இருந்தால்.

இதே ஒட்டன்சத்திரம் போய்க் காய் ஏற்றி வருகிறவரை எடுங்கள். தினம் போக வர 160 கிலோமீட்டர், மாதம் 8,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். வண்டி சூடாகி நிதானமாக ஓடுவதால் ஃபில்டரும் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அவருக்கு டீசல்தான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மலை ஏறுகிறவர்களுக்கும், தினமும் முழு லோடு அடிக்கிறவர்களுக்கும் அப்படியே. பெட்ரோல் வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றிவிட்டு கிளட்ச் கருகுகிறது என்று என்னிடம் வராதீர்கள். சிஎன்ஜி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் வழியில் பங்க் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே டீசல் வாங்கியாகிவிட்டதா? பெட்டிக்குள் புள்ளி வைத்த மாதிரி ஒரு விளக்கு எரிந்தால் ஊருக்குள் சுற்றாதீர்கள், பல்லடம் சாலையோ காங்கேயம் சாலையோ பிடித்து 20 நிமிஷம் ஒரே சீராக ஓட்டுங்கள். பாதியில் அணைக்காதீர்கள். நிறுத்தி வைத்து ரேஸ் கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை. ஆயில் அந்த வண்டிக்குச் சொன்ன ரகம் மட்டுமே, கடைக்காரர் கொடுத்த டப்பா வேண்டாம். ஃபில்டரை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது சட்டப்படி தப்பு, வண்டித் தகுதிச் சான்று வாங்குகிற எஃப்சி சமயத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம், தினம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை இடத்தில் நிறுத்தினீர்கள், எவ்வளவு எடை ஏற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் நான் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில்தான் படுத்திருப்பேன்.