காமாலை: நோயின் பெயரா, குறியின் பெயரா?

“குழந்தைக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்றா?” என்று கேட்காத வீடு குறைவு. உண்மையில் அப்படி ஓர் ஊசி கிடையாது. போடுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசுக்கு எதிரான ஊசி. அதைப் போட்டுக்கொண்டவருக்கும் நாளைக்குப் பித்தப்பைக் கல் ஒன்று நழுவிப் பித்தநாளத்தை அடைத்தால் கண் மஞ்சளாகும். அப்போது “ஊசி போட்டும் காமாலை வந்துவிட்டதே” என்று மருத்துவரைக் குறை சொல்லுவோம். பிழை ஊசியில் இல்லை, சொல்லில்தான்.

காமாலை என்பது உடம்பு காட்டும் ஒரு குறி. சித்த மருத்துவர்கள் ‘குறிகுணம்’ என்கிறார்களே, அந்த வகை. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்து உடைகிறது. உடைந்ததும் அதன் நிறமி முதலில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகிறது. அடிபட்டுக் கன்றிய தோல் சில நாளில் பச்சை தட்டி மஞ்சளாவதும் இப்படித்தான். அந்த மஞ்சள் பொருள் பிலிரூபின். கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், கல்லீரல் சோர்ந்தாலும், பித்தநாளம் அடைபட்டாலும் அது ரத்தத்திலேயே தேங்கும். ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. 3 மில்லிகிராமை நெருங்கும்போது விழிவெண்மையில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கிறது.

அதைப் பார்க்க எங்கள் பாட்டிக்கு ஒரு முறை இருந்தது. குழந்தையை வாசல் திண்ணைக்குத் தூக்கி வந்து, வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். வீட்டு விளக்கின் வெளிச்சத்தை நம்ப மாட்டார். அது சரிதான், மஞ்சள் விளக்கில் இந்த மஞ்சள் ஒளிந்துகொள்ளும். கேரட்டை அளவின்றித் தின்றாலும் உள்ளங்கை மஞ்சளாகும், ஆனால் கண் வெளுப்பாகவே இருக்கும். ஆகவே கண்தான் சாட்சி. ‘காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்ற பழமொழியும் கண்ணைத்தான் பிடித்தது. நோயாளிக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம். பழமொழியோடு வழக்காடிப் பயனில்லை.

சொல் வடமொழி ‘காமலா’விலிருந்து வந்தது. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இதைப் பாண்டு, அதாவது நாம் சோகை என்பது, அதன் சிகிச்சையைச் சொல்லும் அதிகாரத்திலேயே வைத்துப் பேசுகிறது. அங்கே ஒரு வகைக் காமாலைக்காரனின் மலம் அரைத்த எள்ளைப் போல வெளுத்திருக்கும் என்று ஒரு குறிப்பு வருகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவதே பித்தம்தான். வழி அடைபட்டால் நிறம் போய்விடும். இன்றைய மருத்துவர் அடைப்புக் காமாலையில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. உவமையின் துல்லியம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

தமிழில் வந்த காமாலை ஊதுகாமாலை, வறட்காமாலை என்று கிளைத்தது. ‘மஞ்சள்’ அந்தக் கிளைகளில் ஒன்றுக்கான அடைமொழி. பேச்சு வழக்கில் அது எல்லாவற்றின் மேலும் ஒட்டிக்கொண்டது. இலங்கைத் தமிழர் செங்கமாரி அல்லது செங்கண்மாரி என்கிறார்கள். மஞ்சளுக்குச் ‘செம்’ ஏன் என்று குழம்ப வேண்டாம்: செம்பொன்னும் செந்நெல்லும் ரத்தச் சிவப்பா என்ன? மலையாளத்தில் மஞ்ஞப்பித்தம், நிறத்தையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடும் பெயர். எனக்குப் பொறாமைதான்.

ஆங்கில ஜாண்டிஸ், பிரெஞ்சில் மஞ்சளைக் குறிக்கும் ‘ஜோன்’ என்ற சொல்லின் வழி வந்தது. மருத்துவ ஏடுகளின் ‘இக்டெரஸ்’ கிரேக்கம். அதே பெயரில் ஒரு மஞ்சள் பறவையும் உண்டு. அதைப் பார்த்தால் நோயாளி பிழைப்பான், பறவை செத்துவிடும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்தப் பறவை நம் மாங்குயிலின் இனம் என்பார்கள். பாவம் மாங்குயில்.

உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், 10ஆம் பதிப்பில், காரணம் தெரியாத காமாலைக்கு ‘ஆர் 17’ என்று எண். ஆர் வரிசை முழுக்க அறிகுறிகளுக்கானது. காரணம் தெரிந்ததும் ஆள் இடம் மாறிவிடுவார்: ஹெபடைடிஸ் ஏ என்றால் ‘பி 15’, பித்தக்கல் என்றால் ‘கே 80’, பச்சிளங்குழந்தையின் காமாலை என்றால் ‘பி 59’. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பி’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து.

குறியை நோயாக நினைத்ததால்தான் அதற்கு ஒரே மருந்து என்ற எண்ணமும் வந்தது. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் பேர் அதற்குப் போகும். கல் அடைத்தவருக்கோ, கட்டி அழுத்துகிறவருக்கோ அதே வாரங்கள் வீணாகும். கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. கண் மஞ்சளானால் முதலில் காரணம் தெரிய வேண்டும்.

ஆகவே ஜாண்டிஸுக்குக் காமாலை போதும். ஹெபடைடிஸுக்குக் கல்லீரல் அழற்சி. ஊசியையும் ‘கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி’ என்றே எழுதலாம். கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சல் வேறு நோய். ஆப்பிரிக்காவின் சில நாடுகளுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது அதற்கான ஊசி. நோயாளியின் சீட்டில் மருத்துவர் முதல் நாள் எழுத வேண்டிய தமிழ் வாசகம் இது: ‘காமாலை, காரணம் ஆய்வில்’.